வலைப்பந்து விளையாடும் பிள்ளை றக்பி செவன்ஸுக்கு மாறலாமா?

கிளிநொச்சியில் பாடசாலை அணிக்கு வலைப்பந்து விளையாடும் மகள், றக்பி செவன்ஸுக்கு (அணிக்கு ஏழு பேர் ஆடும் றக்பி) மாறினால் சர்வதேச மட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். நியூசிலாந்தின் போர்ஷியா வுட்மன் வலைப்பந்தில் இருந்து 2012இல் இதற்கு வந்தவர்தான். ஒலிம்பிக்கில் ரியோவில் வெள்ளி, டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம்.

வலைப்பந்தில் பழகிய கை இங்கே நன்றாகவே உதவும். செவன்ஸில் புள்ளி எடுத்த அணியே மறுபடி பந்தை உதைத்துத் தொடங்கும். உயரப் போகும் அந்தப் பந்தை ஓடிப்போய் எம்பிப் பிடிக்க ஒருத்தி இருந்தால், எதிரணி பந்தைத் தொடாமலே பார்த்துக்கொண்டு நிற்கும். ஆனால் கையால் முன்னுக்கு எறிய முடியாது, பக்கவாட்டிலோ பின்னுக்கோதான். அந்தப் பழக்கம் மாறக் கொஞ்சம் காலம் எடுக்கும். அப்புறம் டக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து விழுத்துவது. ஒழுங்காக விழப் பழகும்வரை வன்னியின் இறுகிய தரையில் இறக்காதீர்கள், புல் உள்ள மைதானமாகப் பாருங்கள்.

ஆட்டம் 7 நிமிடப் பாதிகள் இரண்டுதான். லேசு என்று நினைக்கவேண்டாம், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம் வரும்.

வருமானம்? முழுநேரச் சம்பளமெல்லாம் பெரிய நாடுகளின் அணிகளில்தான். இலங்கையில் மகளிர் றக்பி பெரும்பாலும் முப்படை அணிகளை நம்பி நிற்கிறது; வன்னியில் பல வீடுகளுக்குப் பிள்ளையைப் படையில் சேர்ப்பது சுலபமான முடிவல்ல. அதனால் உயர்தரப் படிப்பை விடச் சொல்ல மாட்டேன்.