தம்புராவில் ஜீவா நூல் நகர்ந்தால் நாதம் ஏன் மழுங்குகிறது?

தந்திகளைத் தாங்கும் குதிரைமேல், தந்திக்கு அடியில் ஜீவா என்ற நூல் எதற்கு, அது கொஞ்சம் நகர்ந்தாலே தம்புரா ஏன் மந்தமாகிவிடுகிறது என்பதுதானே கேள்வி? தந்தி குதிரையை உரச வேண்டும். எவ்வளவு உரசுவது என்பது நூலின் கையில்தான் இருக்கிறது.

தந்தியை மீட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்களும் எழும்; இவைதான் சீரிசைகள். மீட்டும் இடத்தில் எந்தச் சீரிசைக்குக் கணு (அசையாத புள்ளி) இருக்கிறதோ, அந்தச் சீரிசை எழாது. நட்டநடுவில் மீட்டினால் 2, 4, 6 மடங்கு அதிர்வெண்கள் காணாமல் போக வேண்டும். இது யங்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. தம்புராவும் வீணையும் இதற்கு அடங்குவதில்லை என்று சி.வி. ராமன் 1921-லேயே எழுதிவிட்டார். காரணம் குதிரை. கித்தாரில் தந்தி ஒரு குறுகிய விளிம்போடு முடிந்துவிடும். தம்புராவின் குதிரை அகலமானது, மேல்பரப்பு லேசாக வளைந்தது. நூல் தந்தியை மயிரிழை அளவு தூக்கிப் பிடிக்கிறது. ஒவ்வொரு அதிர்விலும் தந்தி இறங்கி, நூலுக்கு முன்னால், அதாவது மீட்டும் பக்கத்தில், உள்ள பரப்பைத் தட்டிவிட்டு எழுகிறது. தட்டல் தந்தியின் கோடியில் நடப்பதால், எங்கே மீட்டினாலும் உயர் சீரிசைகள் கிளம்புகின்றன.

சோதித்துப் பார்க்கலாம். சாரணையை (நடு ஸட்ஜத் தந்தியை) நட்டநடுவில் மீட்டி, உடனே அதே இடத்தை விரலால் லேசாகத் தொடுங்கள். நூல் சரியாக இருந்தால் மேல் ஸட்ஜம் நின்று ஒலிக்கும். நூலைக் குதிரையின் முன்விளிம்புக்கே தள்ளிவிட்டுச் செய்தால் ஏறக்குறைய எல்லாமே அடங்கிவிடும்.

முதலில் சுருதி, பிறகுதான் நூல். ஒரு கையால் மீட்டிக்கொண்டே, நூலின் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து அரை மில்லிமீட்டர் அளவில் நகர்த்துங்கள். முன்னே அதிகம் போனால் மொட்டை ஒலி. பின்னே போனால் தந்தி பரப்பில் படிந்து கரகரக்கும், நாதம் நீளாது. மந்தரம் (கீழ் ஸட்ஜத் தந்தி) தடித்த பித்தளைத் தந்தி, வீச்சும் அதிகம். அதனால் நான்கு நூல்களும் ஒரே கோட்டில் நிற்காது, நிற்க வைக்கவும் வேண்டாம். சுருதியை ஒரு கட்டையிலிருந்து (C) இரண்டு கட்டைக்கு (D) ஏற்றினால் இழுவிசை சுமார் 26 விழுக்காடு கூடும். நூலையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.

நசுங்கிய நூலை மாற்றிவிடுங்கள். புது நூலிலும் எந்த இடத்திலும் நாதம் கூடவில்லையென்றால், குதிரையில் தந்தி பள்ளம் அறுத்திருக்கும். அது கைதேர்ந்த ஆசாரி வேலை. உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க வேண்டாம், வளைவு கெட்டால் நான்கு தந்தியும் போச்சு.

ஒரு கட்டையில் மந்தர ஸட்ஜம் 65.4 ஹெர்ட்ஸ். அதன் ஐந்து மடங்கான 327-ல் அந்தர காந்தாரம் (ஒரு கட்டையில் E) தானாகக் கேட்டால் நூல் சரியாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சம இடைவெளியில் சுருதி அமைத்த கீபோர்டில் அந்தக் காந்தாரம் 329.6, அதோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.