கல்யாண மேக்கப் தொழிலைப் பதிவு செய்யலாமா, அக்கா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் ஒரே வாடகை வீட்டில் ஐந்து திருநங்கைகள் இருக்கிறோம். நான் மணப்பெண்களுக்கு மேக்கப் போட்டுச் சேலை கட்டிவிடுகிறேன். மற்றவர்கள் பூ கட்டுவார்கள், வீடு துப்புரவு செய்வார்கள். எம்சிஓ என்ற கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்தில் மூன்று மாத வாடகை நின்றுபோனது. மறுபடி அப்படி வந்தால் என்ன செய்வது? ஐசியில் (அடையாள அட்டையில்) ஆண் பெயர் இருப்பதால் அலுவலகங்களுக்குப் போகவே கூச்சம்.

பதில்: தங்கச்சி, 2020 மார்ச் 18-இல் எல்லாம் மூடப்பட்டபோது பங்குனி, சித்திரைக் கல்யாணங்களும் நின்றன. சம்பள வேலையை இழந்தவர்களுக்கு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வழியாக வேலைக் காப்புறுதி இருந்தது. சொந்தமாகத் தொழில் செய்தவர்களுக்கு அது கிடையாது. ஏப்ரலில் குறுந்தொழில்களுக்கு 3,000 வெள்ளி (ரிங்கிட்) மானியம் அறிவித்தார்கள், ஆனால் தொழில் பதிவு வேண்டும். பத்து வருஷமாக மேக்கப் போட்டவர்கள் கையில் அதைக் காட்ட ஒரு தாள்கூட இல்லாததை நான் பார்த்தேன். இன்னும் மனம் ஆறவில்லை.

அதனால் எஸ்எஸ்எம் என்ற தொழில் பதிவு ஆணையத்தில் பதிவதிலிருந்து தொடங்குங்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஐசியில் உள்ள பெயரிலேயே தொழிலைப் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி; தொழிலுக்குத் தனிப்பெயர் வைத்தால் 60. நீங்கள் 60 வெள்ளியே கட்டுங்கள். உங்களுக்குப் பிடித்த பெயர் ரசீதிலும் பெயர்ப்பலகையிலும் வரும். உரிமையாளர் விவரத்தில் ஐசி பெயர்தான் இருக்கும், அதை மாற்ற வழியில்லை. ஆனால் மணப்பெண்ணின் அம்மா அதைப் பார்க்க வேண்டியதில்லை. பூ கட்டும் தோழியும் இப்படியே பதியலாம்.

அடுத்தது சேமிப்பு. 2020-இல் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி உறுப்பினர்கள் மாதம் 500 வெள்ளி வரை எடுக்க விட்டார்கள். கணக்கில் பணம் இல்லாதவர்கள் எதை எடுப்பது? சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இபிஎஃப்பில் ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. முடிந்ததைப் போட்டால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கும். சொக்சோவின் சுயதொழில் திட்டத்திலும் சேருங்கள். அது வேலையில் அடிபட்டால் உதவும், கடையடைப்பு இழப்புக்குத் தராது.

உடம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பார்மசியில் கருத்தடை மாத்திரை வாங்கி ஹார்மோனாகச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. சிகரெட் அதைக் கூட்டும், கோவிட் தொற்றும் கூட்டும். கால் ஒருபக்கம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். எச்ஐவி மருந்து எடுப்பவர்கள் எம்சிஓவில் வீட்டிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் தவித்தார்கள். எந்நேரமும் ஒரு மாத மருந்து கையிருப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

வாடகை நின்று, முடியை வெட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர்களையும் தெரியும். பட்டினியைவிட அதுதான் சிலரை உடைத்தது. அப்படி யாராவது தவித்தால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற மன ஆறுதல் தொலைபேசிச் சேவைக்கு, 03-76272929, எந்நேரமும் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டாம்.

அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தால் தனியாகப் போகாதீர்கள். சௌகிட் பக்கம், திருநங்கைகளுக்கு உதவும் பிடி பவுண்டேஷன் போன்ற அமைப்புகளிடம் பேசிப் பாருங்கள், அல்லது ஐந்து பேரும் சேர்ந்தே போங்கள்.