முதல் குழந்தை வரப்போகிறது. வீட்டிலுள்ள அப்பாக்களிடம் என்ன கேட்டுக் கற்றுக்கொள்வது?

"அப்பாவா இருக்கறது எப்படி?" என்று கேட்டால் அப்பா, சித்தப்பா, மாமா, அண்ணன் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "பொறுமை வேணும்ப்பா." ராத்திரி இரண்டு மணிக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியைச் சின்னதாக்குங்கள். "நேத்து ராத்திரி எத்தனை தடவை முழிச்சுது? யார் எழுந்தீங்க? முதல்ல என்ன செஞ்சு பார்த்தீங்க, எது எடுபடல?" இப்படிக் கேட்டால்தான் உபயோகமான பதில் வரும்.

இதைக் கேட்க வேண்டியது ஒரு வயதுக்குள் குழந்தை இருக்கும் அண்ணனிடமோ மச்சானிடமோதான். பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டாலே முதல் மாதங்கள் பாதி மறந்துபோயிருக்கும். "எங்க பையன் ராத்திரி அழுததே இல்ல" என்று சொல்பவர் பெரும்பாலும் அடுத்த அறையில் தூங்கியவர். அவர் மனைவியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேட்பதைவிடப் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. குளிப்பாட்டும் நேரமும் தூங்கவைக்கும் நேரமும் சேர்ந்து வருகிற மாதிரி மூன்று மணி நேரம் போய் இருங்கள். விருந்தாளியாக உட்காராமல், கையைக் கழுவிக்கொண்டு கூட நில்லுங்கள். துண்டு, மாற்றுத் துணி, டயப்பர் எல்லாம் குளியலுக்கு முன்பே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். 37 டிகிரி செல்சியஸ் சூடு, முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது. ஆழம் நாலு விரற்கடை போதும். ஈரக் குழந்தை வழுக்கும். அதனால் கழுத்தும் தலையும் நம் முன்கையில் சாய்ந்திருக்க, அதே கை விரல்கள் குழந்தையின் தூரத்துத் தோளைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். எடுத்து வைக்க மறந்த துண்டை எட்டி எடுக்கப் போகும்போதுதான் பிடி விடும்.

டயப்பர் மாற்றும்போது பழையதைத் திறக்கும் முன் புதியதை அடியில் விரித்துவிடுங்கள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். தொப்புள்கொடி விழும்வரை, அதாவது ஒன்று முதல் மூன்று வாரம், டயப்பரின் மேல் விளிம்பைக் கொடிக்குக் கீழே மடித்துவிடுங்கள். இடுப்பில் இரண்டு விரல் நுழைந்தால் இறுக்கம் சரி.

அழுகைதான் புது அப்பாக்களை உடைக்கிறது. அது ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் நன்றாகத் தணியும். பசி, ஈரம், ஏப்பம், சூடு அல்லது குளிர், தூக்கம் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஒரு நிமிடத்தில் தோளில் போட்டு, ஆட்டி, பாடி, கிலுகிலுப்பை காட்டி எல்லாவற்றையும் செய்தால் குழந்தை இன்னும் மிரளும். ஒன்றை ஐந்து நிமிடமாவது தொடருங்கள். கோபத்தில் கை நடுங்கினால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, ஐந்து பத்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். ஒருபோதும் பிடித்து உலுக்கக் கூடாது, மூளையில் ரத்தம் கசியும். "கோபம் வந்தப்ப என்ன செஞ்சீங்க?" என்று ஒவ்வொரு அப்பாவிடமும் தனியாகக் கேளுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் உண்மையான பதில் வராது.

மருத்துவ விஷயங்களில் மட்டும் பெரியவர்களின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் தங்கள் காலத்து விதிப்படி சரியாகத்தான் செய்தார்கள். பிறகு விதி மாறிவிட்டது. 1990-களின் தொடக்கம் வரை பல நாடுகளில் மருத்துவர்களே குழந்தையைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். மல்லாக்கப் படுக்கவைக்கத் தொடங்கியபின் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கெட்டியான மெத்தை போதும், தலையணை வேண்டாம். ஆறு மாதம் வரை தண்ணீர் கிடையாது, ஒரு வயது வரை தேன் கிடையாது. மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடித்தால் நேராக டாக்டரிடம். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மாமனாரோடு இதில் வாதாட வேண்டியதில்லை. "டாக்டர் இப்படிச் சொல்லியிருக்காரு மாமா" என்றால் பேச்சு முடிந்துவிடும்.

பெரியவர்களிடம் இருக்கும் சரக்கு வேறு. "பிள்ளை எந்த வயசுல உங்ககிட்ட பேசறதக் குறைச்சுக்கிட்டான்? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். பதினைந்து வயது சித்தப்பா மகளுக்கு, அப்பா எப்போது நிஜமாகக் காது கொடுக்கிறார், எப்போது போனைப் பார்த்துக்கொண்டே 'ம்' கொட்டுகிறார் என்பது துல்லியமாகத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: அடுத்த தடுப்பூசித் தேதி யாருக்கு நினைவிருக்கிறது? பல வீடுகளில் அப்பா "உதவி" செய்பவர்தான், திட்டமிடுவது அம்மாவின் தலையில். ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் என்றால் துண்டு துவைப்பது முதல் சோப்பு தீர்வதற்குள் வாங்கி வைப்பது வரை உங்களுடையது. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், அப்பாவானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்திருந்தது; தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, பார்த்துக்கொள்ளாத அப்பாக்களைவிடக் குறைவு. அதாவது தூக்கிச் சுமக்கிறவனின் உடம்பே மாறுகிறது.

சொந்த அப்பா அடிப்பவராகவோ வீட்டில் இல்லாதவராகவோ இருந்திருந்தால், "அவர் மாதிரி இருக்க மாட்டேன்" என்ற முடிவு மட்டும் போதாது. பழைய பழக்கம் தெளிவாக யோசிக்கும்போது வராது. அலுப்பிலும் பசியிலும்தான் தலைகாட்டும். அவருக்கு எந்த நேரத்தில் கோபம் வந்தது என்று எழுதிப் பாருங்கள்: வேலை விட்டு வந்ததும், பணப் பேச்சு வந்ததும், நாலு பேர் முன்னால். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த நேரத்தில் நீங்கள் செய்யப்போகும் ஒரு சின்ன வேலையை எழுதுங்கள். உதாரணமாக, வீட்டுக்குள் வந்ததும் முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, பிறகுதான் குழந்தையை வாங்குவது. அந்தத் தாளை மனைவிக்கும் காட்டிவிடுங்கள். அலுப்பு உங்கள் முகத்தில் அவருக்குத்தான் முதலில் தெரியும்.