தேக்குக்கும் பியின்கடோ என்ற கடின மரத்துக்கும் எந்த ரம்பப் பிளேடு? – கேள்வி பதில்

பர்மாவில் ரங்கூன், மோல்மீன், பெகு பக்கம் மரவேலை செய்கிற நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாப் பதிலும் கையில் பிடித்து அறுக்கும் 7¼ அங்குல வட்ட ரம்ப மிஷினை வைத்துத்தான்.

அண்ணே, கடையில் 24 பல், 40 பல், 60 பல் என்று வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது? (மோல்மீன்)

மரத்தை எந்த வாக்கில் அறுக்கப் போகிறீர்கள் தம்பி? அதுதான் முதல் கேள்வி. நீளவாக்கில் கிழிக்க 24 பல். நாரோடு போகும்போது தூள் நீள நீளமாக வரும். அதை வெளியே தள்ள, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஆழமான பள்ளம் வேண்டும். 60 பல் பிளேடில் அந்த இடம் கிடையாது. தூள் அடைத்து, பிளேடு சூடேறி, மரத்தின் ஓரம் கருகும். குறுக்கே அறுக்க 40. அலமாரி முகப்பு மாதிரி கண்ணில் படும் வெட்டுக்கு 60. கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் 40 வாங்குங்கள்.

தேக்கு அறுத்தால் புது பிளேடு சீக்கிரமே மொண்ணையாகிறது. போலி சரக்கா? (ரங்கூன்)

அப்படி முடிவு கட்டாதீர்கள். தேக்குக்குள் சிலிக்கா இருக்கிறது. மணலில் இருப்பதும் அதேதான். பல்லின் கூரை அது தேய்த்துக்கொண்டே இருக்கும். வெறும் ஸ்டீல் பல் தேக்குக்குத் தாங்காது, ஸ்டீலைவிடக் கடினமான கார்பைடு முனை வைத்ததையே வாங்குங்கள்.

அப்புறம், மொண்ணை என்று தூக்கிப் போடும் முன் மிஷின் பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றிப் பாருங்கள். பல்லின் பக்கவாட்டில் பழுப்பாகப் பிசின் படிந்திருந்தால், பல் கூராக இருந்தாலும் இழுவை கூடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேயுங்கள், துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். கழுவிய பிறகு பல் முனையை வெளிச்சத்தில் திருப்புங்கள். கூரான முனையில் ஒன்றும் தெரியாது. மழுங்கிய முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். கோடு தெரிந்தால் சாணைக்குக் கொடுங்கள். கார்பைடுக்கு வைரச் சக்கரம்தான், அரம் போட்டுப் பயனில்லை. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், முகமூடியும் அவசியம்.

பழைய வீட்டைப் பிரித்ததில் பியின்கடோ தூண்கள் கிடைத்தன ஐயா. பலகையாக்கலாமா? (பெகு)

தாராளமாக. ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையாகப் போட்ட மரம் அது, தேக்கைவிடக் கனம், கடினம். 24 பல் போடுங்கள். ஒரே மூச்சில் முழு ஆழத்துக்கு இறக்காமல், முதலில் பாதி ஆழம், பிறகு மீதி. பழைய மரத்தில் ஆணி தலையொடிந்து உள்ளேயே கிடக்கும். கார்பைடு கடினமானது, ஆனால் ஆணியில் மோதினால் சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்கும் ஆபத்து. தூண் முழுக்கக் காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

கரண்ட் போனால் சின்ன ஜெனரேட்டரில் ஓட்டுகிறோம், மிஷின் திணறுகிறது. (ரங்கூன்)

தடிமன் குறைந்த பிளேடு போடுங்கள். எடுக்கிற மரம் குறைந்தால் மோட்டாரின் சுமையும் குறையும். உங்கள் மிஷினில் பிளேடுக்குப் பின்னால் பிளப்புத் தகடு (அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் தாங்கும் தகடு) இருந்தால், அது பல் வெட்டும் அகலத்தைவிட மெல்லியதா என்று சரிபாருங்கள். இல்லாவிட்டால் வெட்டில் சிக்கிக்கொள்ளும்.

பிளைவுட்டில் சிம்பு பேர்கிறது.

60 பல், நல்ல முகம் கீழே. இந்த மிஷினில் பல் கீழிருந்து மேலே ஏறுவதால் மேல்பக்கம்தான் பேரும்.

என் மிஷினின் தண்டு 20 மில்லிமீட்டர், பிளேடின் துளை 30. மாட்டலாமா?

துளையைத் தண்டின் அளவுக்குக் குறைக்கும் சரியான வளையம் போட்டு மாட்டலாம். வளையம் இல்லாமல் நட்டை இறுக்கி ஓட்டவே கூடாது. பிளேடு மையம் விலகி அதிரும். பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் மிஷினின் வேகத்துக்குக் குறைவாக இருந்தால், வளையம் இருந்தாலும் அந்தப் பிளேடு வேண்டாம்.