லீஹைக்குக் குடிவரும் தம்பிக்கு: அண்டை வீட்டு மார்மன்களும் தோல் நிறச் சாபமும்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. யூட்டாவில் லீஹை ஊருக்கு வேலைக்கு வருகிறோம், அக்கம்பக்கம் முழுக்க, அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையைச் சேர்ந்த குடும்பங்களாம், நம் நிறத்தைப் பார்த்து ஒதுக்குவார்களா என்பது ஒன்று. சேரப்போகும் குழுவில் ஒரு நவாஹோ பழங்குடிப் பெண் இருக்கிறார், அவரும் மார்மனாம், தன் மக்களையே சபிக்கப்பட்டவர்கள் என்று சொன்ன மதத்தில் எப்படி இருக்கிறார், கேட்கலாமா என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு நீட்டி முழக்கத் தேவையில்லை. ஒதுக்க மாட்டார்கள். சாமான் இறக்கும் அன்றே நாலு பேர் வந்து கைகொடுப்பார்கள், வீட்டில் சுட்ட ரொட்டி வரும், அப்புறம் வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு பையன்கள் மதநூலோடு கதவைத் தட்டுவார்கள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு போய்விடுவார்கள்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லீஹை என்ற பெயரே மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசஃப் ஸ்மித் 1830இல் வெளியிட்ட மார்மன் நூலில் இருந்து வந்தது. அதில் லீஹை ஒரு தீர்க்கதரிசி, கிமு 600 வாக்கில் எருசலேமிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி அமெரிக்காவுக்கு வந்தவர். மகன்களில் நீஃபை சொல்பேச்சு கேட்டவன், லேமன் அடங்காதவன். லேமன் பக்கத்தாரைக் கடவுள் சபித்ததால் தோல் கறுத்தது என்றும், அவர்களில் மனந்திரும்பியவர்களுக்குத் தோல் வெளுத்தது என்றும் நூல் சொல்கிறது. அந்த லேமனைட்டுகளின் சந்ததிதான் அமெரிக்கப் பழங்குடிகள் என்று நூறு வருஷத்துக்கு மேல் மேடையேறிப் போதித்தார்கள். பழங்குடிகளின் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்றுதான் மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அதே நூல் அவர்களை இஸ்ரவேலின் வம்சம், கடவுளின் வாக்குறுதி பெற்றவர்கள் என்றும் தூக்கி வைக்கிறது. மற்ற வெள்ளைக்காரர்கள் பழங்குடிகளைக் காட்டுமிராண்டிகள் என்று சொன்ன காலத்தில் மார்மன்கள் இப்படிச் சொன்னது சிலருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது. இதை விட்டுவிட்டால் உங்கள் சக ஊழியரைப் புரிந்துகொள்ள முடியாது.

இந்தப் போதனை வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்று சொல்கிறேன். 1947இல் சின்ன அளவில் தொடங்கி 1954இல் சபையே முறைப்படி ஏற்று நடத்திய ஒரு திட்டம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற பழங்குடிப் பிள்ளைகளைப் பள்ளி நடக்கும் மாதங்களில் வெள்ளைக்கார மார்மன் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைப்பது. 2000 வரை நடந்தது, கிட்டத்தட்ட 50,000 பிள்ளைகள் அப்படிப் போயிருக்கிறார்கள், பெரும்பாலும் நவாஹோக்கள். அதை முன்னின்று நடத்திய ஸ்பென்சர் கிம்பால் 1960 அக்டோபர் மாநாட்டில், இப்படி வளரும் பிள்ளைகள் ஊரில் மண்வீட்டில் இருக்கும் தங்கள் உடன்பிறந்தவர்களைவிட வெளுத்து வருகிறார்கள் என்று மகிழ்ச்சியோடு பேசினார். பின்னால் சபைக்கே தலைவரானவர் அவர். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு அக்கா அப்படிப் போனவர். எட்டு வயதில் பஸ் ஏற்றிவிட்டார்கள், இறங்கியதும் குளிப்பாட்டித் தலையில் பேன் பார்த்தார்களாம். வளர்ப்பு அம்மா தங்கமானவர், பியானோ கற்றுக்கொடுத்தார், தன் பிள்ளைகளுக்கும் இவருக்கும் ஒரே துணியில் கவுன் தைத்தார். ஆனால் கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஒவ்வொரு வருஷமும் பாட்டியோடு பேசச் சொற்கள் குறைந்துகொண்டே போயின, ஆடு மேய்க்கப் பாட்டி கூப்பிட்டால் வெயிலில் கறுத்துவிடுவோமோ என்று பயந்து உள்ளேயே இருந்தாராம். இத்தனைக்கும் அந்த வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அந்த வளர்ப்பு அம்மாவை இன்றும் அம்மா என்றுதான் சொல்கிறார், சர்ச்சுக்கு மட்டும் போவதில்லை. அவர் தம்பியும் அதே திட்டத்தில் படித்தவர், ஊரிலேயே சபைப் பொறுப்பில் இருக்கிறார், லேமனைட் என்று சொல்வதில் அவருக்குப் பெருமை. எல்லாருக்கும் நல்ல வீடு வாய்க்கவில்லை என்பதும் உண்மை. அங்கே பாலியல் கொடுமை நடந்தது என்று சில நவாஹோக்கள் 2016 முதல் வழக்குப் போட்டு, 2018இல் சமரசமானது.

இப்போது மாறிவிட்டதா என்றால், பாதி. பழங்குடிகளின் முன்னோர்களில் லேமனைட்டுகள்தான் பிரதானம் என்று நூலின் முன்னுரையில் இருந்ததை 2006இல் முன்னோர்களில் லேமனைட்டுகளும் உண்டு என்று தளர்த்தினார்கள். கறுத்த தோல் கடவுளின் வெறுப்புக்கு அடையாளம் என்ற கருத்தை 2013இல் சபை வெளிப்படையாகக் கைவிட்டது. ஆனால் வசனம் இருக்கிற இடத்தில் அப்படியே இருக்கிறது, குடும்பங்கள் வீட்டில் படிக்கச் சபை 2020க்கு அச்சிட்ட பாடப்புத்தகத்தில் பழைய விளக்கமே வந்து கண்டனம் எழுந்தது. தப்பு என்று சொல்லிவிட்டு வசனத்துக்கு என்ன அர்த்தம் என்பதை ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவிட்டால், அந்தப் பாரம் பழங்குடிப் பிள்ளைகள் தலையில்தான் விழும் என்பது என் கருத்து.

ஆகவே அந்தப் பெண்ணிடம் நீங்களாகக் கேட்காதீர்கள். புதிதாக வந்தவருக்குப் பதில் சொல்லும் கடமை அவருக்கு இல்லை. பழகிய பிறகு அவரே சொன்னால் கேளுங்கள், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஜூலை 24 இங்கே அரசு விடுமுறை, 1847இல் மார்மன்கள் வந்து சேர்ந்த நாள், ஊர்வலமும் வாணவேடிக்கையுமாக இருக்கும், பிள்ளைகளோடு போங்கள். ஜனவரி 29 அன்று ஐடஹோவில் பிரெஸ்டன் பக்கத்தில் ஷோஷோனி மக்கள் கூடுவார்கள், 1863இல் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கானோரைக் கொன்ற இடம். தப்பியவர்களில் பலர் பின்னாளில் மார்மன்களானார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகளில் நிறையப் பேர் இன்றும் அதில்தான் இருக்கிறார்கள். லீஹையிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். கம்பளிச் சட்டை கனமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே காற்று பொல்லாதது.