தோடும் தண்டலும் அந்தோனியாரும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். இந்துக் குடும்பம். ஜூன் மாதம், தங்கையைக் கல்லூரியில் சேர்த்த பரபரப்பில், அம்மாவின் தங்கத் தோடு காணாமல் போய்விட்டது. அதிலிருந்து அம்மா செவ்வாய் தவறாமல் பாரிமுனை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறார். 13 வாரம் போனால் தொலைந்தது கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாராம். கிடைத்தால் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறார். ஒரு புனிதரிடம் இப்படிப் பேரம் பேசலாமா? மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்பதையெல்லாம் படித்தவர்கள் எப்படி நம்புகிறார்கள்? செவ்வாய்க்கிழமை என்பதே நம் முருகனிடமும் அம்மனிடமும் இருந்து எடுத்துக்கொண்டதுதானே? அம்மாவைத் தடுக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ம., பெரம்பூர்

*

அன்புள்ள ம.,

தடுக்காதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? வாரத்தில் ஒரு பொழுது அம்மா யாருக்கும் சமைக்காமல், யாருடைய சட்டையையும் தேடிக் கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அதுகூடப் பொறுக்கவில்லை என்றால் கோளாறு அம்மாவிடம் இல்லை.

பேரம் என்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரும் பழனிக்கோ திருப்பதிக்கோ வேண்டிக்கொண்டு மொட்டை போட்டதே இல்லையா? அதைப் பேரம் என்று யாரும் எனக்கு எழுதிக் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமையை யாரும் யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை அந்தோனியார் இறந்தார். உடலை எங்கே புதைப்பது என்று இத்தாலியின் பதுவா ஊரில் பெரிய சண்டையே நடந்து, அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அடக்கம் செய்ய முடிந்தது. அதனால் செவ்வாய். நம் ஊரில் அது முருகனுக்கும் அம்மனுக்கும் உரிய நாளாகவும் அமைந்துவிட்டது. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். மீன் விஷயம் எனக்கு முக்கியமில்லை. ரிமினி ஊர்க்காரர்கள் காது கொடுக்காததால் தண்ணீரைப் பார்த்துப் பேசினார் என்பது கதை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் பேசிய அனுபவம் உள்ள எவரும் அதை நம்புவார்கள். நானும் நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதத் தோன்றியதற்குக் காரணம் வேறு. அந்தோனியார் விஷயத்தில் எனக்குக் கொஞ்ச காலமாகவே ஒரு கோபம் உண்டு. அவர்மேல் இல்லை. அவரைச் சாவியும் கண்ணாடியும் தேடித் தருகிற ஆளாக ஆக்கி வைத்திருக்கிற நம்மேல்.

முதலில் அந்தத் தொலைந்த பொருள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்த பொருளே இல்லை, திருட்டுப் போனது. அவர் கைப்பட குறிப்புகள் எழுதி வைத்திருந்த, பைபிளின் திருப்பாடல் புத்தகம். அச்சு இல்லாத காலம், ஒரு புத்தகத்தின் விலை என்ன என்று நினைத்துப் பாருங்கள். மடத்தை விட்டு ஓடிய ஓர் இளந்துறவி அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தோனியார் வேண்டிக்கொண்டார். எடுத்தவனே திரும்பி வந்து கொடுத்தான். அடுத்தவன் பொருளை வைத்திருப்பவன் திருப்பிக் கொடுக்கிற கதை இது. 'காணாமல் போன பேனா கிடைத்தது' என்று நாம் அதைச் சுருக்கிவிட்டோம்.

அவருடைய வாழ்க்கை நெடுகிலும் அவரை அலைக்கழித்தது இதே விஷயம்தான். லிஸ்பனில் 1195 வாக்கில் வசதியான வீட்டில் பிறந்தவர்; பெயர் பெர்னாந்து. அகுஸ்தீன் சபையில் சேர்ந்து நிறையப் படித்தார். 1220இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் போர்ச்சுகலின் கொயிம்பிராவுக்கு வந்து சேர்ந்தன. அதைப் பார்த்தவர், இருந்த இடத்தை விட்டுவிட்டு அந்த ஏழைத் துறவிகளோடு போய்ச் சேர்ந்தார். தானும் மொராக்கோவில் சாக வேண்டும் என்று கப்பல் ஏறினார். அங்கே போய்க் காய்ச்சலில் விழுந்ததுதான் மிச்சம். திரும்பி வந்த கப்பலையும் காற்று சிசிலியில் கொண்டுபோய் விட்டது. இத்தாலியில் ஒரு மலை மடத்தில், இவர் படித்தவர் என்பதுகூடத் தெரியாத ஆட்களோடு இருந்தார். 1222இல் போர்லி ஊரில் குருப்பட்டம் கொடுக்கிற விழா. பேசுவதற்கு யாரும் தயாராக இல்லை, நீ பேசு என்று இவரைத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு ஒன்பது வருடம் ஓயவில்லை.

எதைப் பற்றிப் பேசினார் என்று நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய ஞாயிறு மறையுரைகள் லத்தீனில் இன்றும் இருக்கின்றன. வட்டிக்காரர்களை அதில் வறுத்தெடுக்கிறார். கருமியின் இதயம் என்று ஓர் அற்புதக் கதை சொல்வார்கள். வட்டிக்கு விட்டே பணக்காரனான ஒருவனின் இறுதிச் சடங்கில் அந்தோனியார் பேசுகிறார். 'இவன் இதயம் உடம்பில் இல்லை, பணப்பெட்டியில் இருக்கிறது' என்கிறார். போய்ப் பெட்டியைத் திறந்தால் காசுக்கு நடுவே இதயம் கிடக்கிறது. பதுவா பெருங்கோயில் பீடத்துக்காகச் சிற்பி தொனத்தெல்லோ 1440களில் இதை வெண்கலத்தில் வடித்திருக்கிறார். நம் ஊர்க் கெபிகளில், அந்தத் தெருவோரச் சிறு கோயில்களில், எப்போதும் அதே லீலி மலரும் கைக்குழந்தையும்தான். அந்தப் பணப்பெட்டியை ஒரு கோயிலிலாவது செய்து வைக்கக் கூடாதா?

1231 தவக்காலத்தில் பதுவாவில் தினமும் பேசினார். 30,000 பேர் வரை கூடினார்கள் என்று அவர் இறந்த அடுத்த வருடமே எழுதப்பட்ட வரலாறு சொல்கிறது. எண்ணிக்கையை விடுங்கள். அதே வரலாறு சொல்கிற இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். வட்டியாகவும் அடித்துப் பிடுங்கியும் சேர்த்ததை ஆட்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த மார்ச் மாதம் பதுவா நகர ஆட்சி ஒரு சட்டம் போட்டது: கடனைக் கட்ட முடியாதவன் தன் சொத்தை ஒப்படைத்துவிட்டால், அதற்குமேல் அவனைச் சிறையில் போடக் கூடாது. சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளின் பேரில் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வானத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. நோயாளியான ஒரு துறவி ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டார், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கோடி அற்புதர் என்று பாடுகிறோமே, அந்தக் கோடியில் இதை ஏன் யாரும் சேர்ப்பதில்லை?

(எல்லாம் ஜெயித்தது என்றும் நினைக்க வேண்டாம். அதே வருடம் எஸ்ஸெலினோ என்கிற கொடுங்கோலனிடம் சில கைதிகளை விடுவிக்கச் சொல்லிக் கேட்க வெரோனா வரை போனார். அவன் மசியவில்லை. வெறுங்கையோடு திரும்பினார்; கொஞ்ச நாளில் இறந்தும் போனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.)

நம்முடைய நாட்டுக் கதையையும் கேளுங்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி கடனாளியைச் சிவில் சிறையில் வைக்க முடியும். வெறும் ஏழ்மைக்காக ஒருவனை அப்படி அடைக்கக் கூடாது, கையில் வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறவனுக்குத்தான் அது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1980இல்தான் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதினார். ஏறக்குறைய 750 வருடம் கழித்து. தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கந்துவட்டி, தண்டல், மீட்டர் வட்டி எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே, இரண்டு குழந்தைகளோடு, தீக்குளித்தது.

என் சித்தி காசிமேட்டில் மீன் விற்றவர். சின்ன வயதில் செவ்வாய்க்கிழமை என்றால் என்னையும் இழுத்துக்கொண்டு அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் அதே அந்தோனியார் கோயிலுக்குப் போவார். சித்திக்குத் தொலைந்த பொருள் என்று எதுவுமில்லை. தொலைப்பதற்கு எதுவும் இருந்தால்தானே. அவருக்கு இருந்தது தண்டல். 1000 ரூபாய் கேட்டால் கையில் 850 வரும். தினம் 10 ரூபாய், 100 நாள். மழை, புயல் எதுவும் தண்டல்காரருக்குக் கிடையாது. சாயந்திரம் ஆறு மணிக்கு சைக்கிள் மணி கேட்கும். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு வெளியே வரும். சித்தி இரண்டு கையையும் சேர்த்து அந்தோனியாரிடம் கேட்டது ஒன்றுதான்: "இந்த வாரம் அந்தாள் சைக்கிள் பஞ்சர் ஆகணும் சாமி."

ஒரு செவ்வாய்க்கிழமை அதே தண்டல்காரர் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் விபூதி, கையில் எங்களுடையதைவிட இரண்டு மடங்கு உயரமான மெழுகுவர்த்தி. சித்தியைப் பார்த்து, "வாம்மா, நீயும் வந்துட்டியா?" என்று சிரித்தார். சித்தியும் சிரித்தார். வெளியே வந்ததும் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "அவன் மெழுகுவர்த்தியும் என் காசுதான்டா" என்றார். இத்தனை வருடம் கழித்தும், அந்தோனியாரைப் பற்றி இதைவிடச் சரியான ஒரு வாக்கியத்தை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அந்தக் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கியவர்கள் கப்புச்சின் துறவிகள், பிரான்சிஸ்கன் வழி வந்தவர்கள். அந்தோனியாரின் சொந்தச் சபை. சுற்றியிருப்பது எதுவென்று பாருங்கள்: பாரிமுனையின் வங்கிகள், பக்கத்திலேயே சவுகார்பேட்டையின் அடகுக் கடைகள், எதிர்ப்பக்கம் ஹைகோர்ட். வட்டிக்காரர்களைத் திட்டித் தீர்த்தவருக்கு நாம் கொடுத்திருக்கிற இடம் அது. அங்கே ஒரு செவ்வாய்க்கிழமையாவது யாராவது மேடை ஏறி அந்தப் பதுவா சட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாதா? வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் கடனுக்காக வந்தவர்கள் என்று அவர்கள் கையில் சுருட்டி வைத்திருக்கும் மனுச் சீட்டுகளைக் கேட்டால் தெரியும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். தோடு காணாமல் போனது ஜூன் மாதம். தங்கையைக் கல்லூரியில் சேர்த்ததும் ஜூன் மாதம். மீனுக்குக் காது உண்டா என்று ஆராய்ந்த நீங்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ஒன்றும் தோன்றாமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். வீட்டில் யாராவது கட்டிலைத் தூக்கிப் பார்த்தீர்களா? பீரோவை நகர்த்தினீர்களா? அம்மா பதறித் தேடியதாகவும் நீங்கள் எழுதவில்லை. சேர்க்கைக்கு முழுப் பணமும் யார் புரட்டினார்கள்?

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டுப் பாருங்கள். அப்பா இல்லாத நேரத்தில், விசாரிக்கிற குரலில் இல்லாமல். அடுத்த செவ்வாய்க்கிழமை கூடவே போய், திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டால் இன்னும் நல்லது. அடகுச் சீட்டு அரிசி டப்பாவிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும். அதில் கடை பெயர், வைத்த தேதி, வட்டி எல்லாம் போட்டிருக்கும். கெடு முடிந்து ஏலத்துக்குப் போவதற்குள் மீட்டுவிடுங்கள். உங்கள் சம்பளத்தில் இரண்டு மூன்று மாதம் இழுத்துப் பிடித்தால் முடியும் என்றுதான் நினைக்கிறேன்.