அமெரிக்காவில் ஆம்புலன்ஸில் வரும் பாராமெடிக்குகளே ஓபியாய்டு (ஹெராயின், ஃபென்டனில் வகைப் போதை) அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை தொடங்குகிறார்களாமே, அதற்குப் பணம் யார் தருகிறார்கள்? இன்சூரன்ஸ் தராதா?

பில் போடுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க ஆம்புலன்ஸ் கம்பெனிகளுக்குக் கோடிங், அதாவது ஒவ்வொரு சேவைக்கும் பில்லுக்கான குறியீடு போடும் வேலை, செய்வதுதான் ஆறு வருடமாக என் பிழைப்பு.

பெரும்பாலும் மானியம், அதோடு கொஞ்சம் வழக்கில் வந்த பணம். இன்சூரன்ஸ் தருவது சொற்பம்.

நம் ஊர் 108-ல் நோயாளிக்கு பில் கிடையாது என்பதால் எனக்கே இது புரியக் கொஞ்ச நாள் ஆனது. அங்கே ஆம்புலன்ஸுக்கு வாடகைக் கார் கணக்குதான். உயர்நிலை சிகிச்சையோடு அவசரமாக ஏற்றிப் போனால் ஏ0427, ஓடிய மைலுக்கு ஏ0425. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி என்றால் 'ஆர்ஹெச்' என்று ஓர் ஒட்டு. எங்கிருந்து எங்கே என்று சொல்லாமல் கிளெய்ம் நகராது. சிகிச்சை கொடுத்தும் ஏற்றவில்லை என்றால் அதற்கும் ஏ0998 என்று ஒரு கோடு இருக்கிறது. ஆனால் முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் அதற்குப் பைசா தராது.

இப்போது ஓவர்டோஸ் ஆன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு நின்று உதடு நீலமாகிக் கிடப்பவர், போதையை முறிக்கும் நலோக்சோன் கொடுத்ததும் எழுந்துவிடுவார். ஆனால் அந்த மருந்து தாங்குவது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். எழுந்தவுடன் வாந்தி, உடல்வலி, எரிச்சல். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி சரக்கு தேடிப் போவார். என் ஸ்கிரீனில் ஒரே முகவரி ஒரு மாதத்தில் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் 'ஏற்றவில்லை' என்று க்ளோஸ் செய்தேன். நான்காவது முறை ஏற்றிப் போனார்கள், பில் போட்டேன். எனக்கு வேலை நடந்தது அன்றைக்கு மட்டும்தான்!

அந்த இடைவெளியில்தான் பியூப்ரனார்ஃபின் வருகிறது. விடுபடல் வேதனையையும் போதை ஏக்கத்தையும் தணிக்க நாக்குக்கு அடியில் வைக்கிற மருந்து. நலோக்சோன் ஏற்கெனவே போதையைத் தள்ளிவிட்டு ஆளை விடுபடல் வேதனையில் நிறுத்தியிருக்கும். இதைத் தொடங்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. 2019-ல் நியூ ஜெர்சி மாநிலம்தான் முதலில் இதற்கு பாராமெடிக்குகளை அனுமதித்தது. கேம்டன் நகரில் தொடங்கினார்கள். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பாராமெடிக்குகள் வீட்டுக்கே போய், கிளினிக்கில் இடம் கிடைக்கும்வரை தினமும் மருந்து கொடுக்கிறார்கள். மாசசூசெட்ஸில் செய்த ஓர் ஆய்வில், ஓவர்டோஸில் பிழைத்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் இருபதில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்திருந்தார். அவசரம் புரியும்.

மருந்து விலை ஒரு பொருட்டே இல்லை. செலவெல்லாம் ஆள் சம்பளம், வண்டி, துணைக்குக் கூடப் போகிற, போதையிலிருந்து மீண்டுவந்த ஒருவரின் சம்பளம். இதில் எதற்கும் மைல் கணக்கு கிடையாது. வீட்டில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசியதற்கு நான் எந்தக் கோடைப் போடுவேன்?

அதனால் மத்திய அரசின் ஓபியாய்டு மானியம் மாநிலம் வழியாக வருகிறது. அது முடியும் தேதியோடுதான் வரும். அடுத்தது, ஓபியாய்டு மாத்திரைகளைப் பரப்பியதாகக் கம்பெனிகள் மேல் போட்ட வழக்கின் பணம்: மூன்று பெரிய மருந்து விநியோகக் கம்பெனிகளும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2022-ல் இறுதியான உடன்பாட்டில் 26 பில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டன. விநியோகஸ்தர்கள் பங்குக்கு 18 வருடத் தவணை. குறைந்தது 85 சதவீதம் ஓபியாய்டு பாதிப்பைச் சரிசெய்யவே போக வேண்டும். 'சரிசெய்வது' என்றால் என்ன என்பதில்தான் இழுபறி. சில ஊர்களில் அது போலீஸ் ரோந்து வண்டியாகவும் ஆனது.

நிரந்தரமாகப் பணம் தர முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஏற்றாமல் சிகிச்சை கொடுத்தாலும் காசு என்று மெடிகேர் 2021-ல் இடி3 என்று ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. ஐந்து வருடம் ஓட வேண்டியது, 2023 முடிவில் மூடிவிட்டார்கள். அரிசோனா போன்ற சில மாநிலங்களின் மெடிக்கெய்டு (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) மட்டும் 'சிகிச்சை கொடுத்து வேறிடத்துக்கு அனுப்பு' என்பதற்குத் தருகிறது.

என்னைக் கேட்டால் புது மானியத்தைவிட ஏ0998-க்கு ஒரு விலை போடுவது முக்கியம். மெடிகேர் விலை வைத்தால் தனியார் இன்சூரன்ஸும் மெதுவாகப் பின்னால் வரும், எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். ஆனால் சட்டத்திலேயே ஆம்புலன்ஸ் சேவையை 'போக்குவரத்து' என்றுதான் வைத்திருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டியது அவர்கள் நாடாளுமன்றம். அதுவரை என் பக்கத்தில் அந்த வேலைக்கெல்லாம் 'பில் செய்ய முடியாதது' என்ற ஒரே பட்டன்தான்.